பக்கத்து இருக்கையின் பிரேக்

சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் மாஸ்டரின் கால் தானாக முன்னால் போய் பிரேக்கைத் தேடியது. பிரேக் எங்கே இருக்கும், சிகிச்சைக் கட்டிலின் இரும்புக் கம்பிதான் இருந்தது. அதையே அழுத்தி மிதித்துக்கொண்டார். கண்களைக் கறுப்புக் கண்ணாடியால் மூடியிருந்தார்கள். கன்னத்தில் மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. "ரொம்ப எரியுதா சார்? காத்தைக் கூட்டி வைக்கவா?" என்று நர்ஸ் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். கம்பி மட்டும் முனகியது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கியவர்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவர் உலகம். அங்கே அவர் காலடியில், ஓட்டுகிறவரின் பிரேக்கோடு கம்பியால் இணைத்த இன்னொரு பிரேக் உண்டு; ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே இறங்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை ஜன்னலில் ஊன்றி, குறுக்கே வருகிறவர்களை எல்லாம் திட்டித் தீர்ப்பார். வெயில் எப்போதும் அந்த ஜன்னல் பக்கத்துக் கன்னத்தையே பார்த்துக் காய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் அவருடைய தம்பி மாதிரியும் மறு பக்கம் அவருடைய அப்பா மாதிரியும் இருக்கும். தடவினால் உப்புத்தாள்போல சொரசொரக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மனைவிதான் நச்சரித்து நச்சரித்து இங்கே இழுத்து வந்தாள்.

போன வாரம் முதல் தடவை வந்தபோது தோல் டாக்டர் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெயிலில் கெட்டுப்போன தோல், இப்போதே விளக்கு வைத்துச் சரிசெய்துவிடலாம், விட்டால் பின்னால் வம்பு என்றார். க்ரீம் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டு விளக்கைக் காட்டினால் கெட்ட தோல் மட்டும் கருகி உதிருமாம். இதுவரை நல்ல சேதிதான். ஆனால் காதோரம் இருந்த ஒரு திட்டின் மேல் மட்டும் அவர் பார்வை நின்றுவிட்டது. அதில் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். "புற்றா டாக்டர்?" என்று மாஸ்டர் நேராகவே கேட்டார். "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். டெஸ்டில் தேறவே மாட்டான் என்று தெரிந்த பையனிடம் மாஸ்டரும் இதே குரலில்தான் 'பாத்துக்கலாம்' என்று சொல்வார்.

விளக்கு அணைந்தது. இன்றைக்கு இந்தப் பாடு முடிந்தது. சோதனை முடிவு இன்றோ நாளையோ ஃபோனில் வரும். "ரெண்டு நாளைக்கு மூஞ்சியில துளி வெயில் படக் கூடாது சார். கார் கண்ணாடி வழியா வர்றதும் வெயில்தான். பட்டா மறுபடி எரிஞ்சு புண்ணாயிடும்" என்றார் டாக்டர். வெளியே நட்டநடுப் பகல்.

மனைவி தயாராக வந்திருந்தாள். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் திரை தைக்கிறவள் அவள். வெளிச்சம் ஊடுருவாத ரெட்டைத் துணியில், கையகலப் பூப்போட்ட மிச்சத் திரை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவர் தலையில் போட்டாள். கையைப் பிடித்து வண்டிக்கு நடத்தினாள். கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை வைத்த, அவர் கற்றுக்கொடுக்கும் அதே வண்டி.

"பின்னாடி உக்காருங்க" என்றாள்.

"என் சீட்டு முன்னாடிதான்."

அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர் பக்கத்தில் இருக்க ஒரு நாளும் அவள் முழு தூரம் ஓட்டியதில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அவர் நாலு தடவை பிரேக் போடுவார், அவள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவாள். இன்று வேறு வழியில்லை. திரைக்குள் உட்கார்ந்த மாஸ்டருக்குக் கீழே ஓர் இடுக்கு வழியாகத் தெரிந்ததெல்லாம் அவருடைய பாதமும் பிரேக்கும்தான். வண்டி நகர்ந்தது. சிக்னலில் பைக்கில் வந்த யாரோ எட்டிப் பார்த்தான்போல. "அக்கா, புது டிவியா? பாத்து, ஆடுது" என்றான். அவள் சிரிப்பை அடக்குவது மாஸ்டருக்குக் கேட்டது.

அடுத்த வளைவில் பின்னாலிருந்து லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், மாஸ்டர் மிதித்தேவிட்டார். வண்டி நடுச்சாலையில் குலுங்கி நின்று அணைந்தது. நாலாபக்கமும் ஹாரன்.

"கண்ணு தெரியாம எதுக்குங்க பிரேக் போடுறீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது. "நானே பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். உங்க மூஞ்சி பத்தி நெனைக்கிறதா, ரோட்டைப் பாக்கிறதா?"

இத்தனை நாளாக அவள் பயத்தை அவரிடம் காட்டவே இல்லை. அவரும் காட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மறுபடி வண்டியைக் கிளப்பினாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பின் இருக்கையில் கிடந்த அவள் பைக்குள் ஃபோன் மணி அடித்தது. ஆஸ்பத்திரிக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். வண்டிக்குள் ஏறினால் ஃபோன் பின் சீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது பள்ளியின் முதல் விதி, அவர் போட்ட விதி.

"அவங்கதான்! எடு, எடு!" என்று அவர் திரையைத் தூக்கப் போனார்.

"துணியைத் தூக்காதீங்க! வெயில்!"

அவர் கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஒரு மிதி மிதித்தால் வண்டி இங்கேயே நின்றுவிடும், ஃபோனை எடுத்துவிடலாம். பின்னால் என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது. வேகம் குறைந்தது. ஒரு பைக்கைப் போகவிட்டாள். ஓரம் கட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பி அணைத்தாள், பிறகுதான் பின்னால் எட்டி ஃபோனை எடுத்தாள். ஒன்றையும் விடவில்லை பாவி மகள், அவர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வரிசை பிசகாமல் செய்தாள். தன்னிடம் படித்த யாரையும் அவர் இவ்வளவு சபித்ததில்லை, இவ்வளவு மெச்சியதும் இல்லை.

"சொல்லுங்க டாக்டர்... ஆமா, பக்கத்துலதான் இருக்காரு... ம்... ம்..."

அவள் கை திரைக்குள் நுழைந்து அவர் கையைத் தேடிப் பிடித்தது. ஈரமாக இருந்தது. இப்படிக் கையைப் பிடிப்பது எதற்காகவும் இருக்கலாம்.

"புற்று இல்லையாங்க" என்றாள். "அதுவும் மத்தது மாதிரி வெயிலாலதானாம். இன்னைக்குக் காட்டின லைட்டுக்கே அடங்கிடுமாம். ஒண்ணுமே இல்லையாங்க!"

அவர் அழுதார். யாரும் பார்க்க முடியாத இடம் என்பதால் தாராளமாக அழுதார். கண்ணீர் வெந்த கன்னத்தில் இறங்கிச் சுரீரென்றது.

"எரியுதா?"

"எரியுது. எரியட்டும் விடு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி சாலையில் ஏறியது. மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று அவர் கேட்கவில்லை. எங்கோ பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திரையின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். யார் காலும் படாத அவருடைய பிரேக் மெல்ல உள்ளே இறங்கியது. வண்டி குலுங்காமல் நின்றது. சற்று நேரத்தில் அது தானாக மேலே எழுந்து வந்தது.