ஸ்பகெட்டி உப்புமா

ஃபாராவுக்கு அந்தப் பெண் கிடைப்பாளா மாட்டாளா என்பது ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் இருந்தது. பெண்ணின் அப்பா வாபெரி ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் அறைக்கு வருவார், சாப்பிடுவார், அதன் பிறகுதான் பதில் சொல்வார்.

ஃபாரா எங்கள் பேக்கரியின் வேன் டிரைவர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ராத்திரி முழுக்க நான் ரொட்டி சுடுவேன். விடிந்ததும் அவன் ஏற்றிக்கொண்டு போவான். சோமாலிக்காரன். பெண் ஹோதனும் சோமாலிதான். பேச்சு ஒன்று, தொழுகை ஒன்று. இருவரின் பாட்டன்மாரும் ஒரே கிணற்றில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டியவர்கள். ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து நடுவில் கோடு போட்டார்கள். கிணறு ஹோதன் வீட்டாரோடு பிரான்சுக்குப் போனது, மேய்ச்சல் நிலம் ஃபாரா வீட்டாரோடு இங்கிலாந்துக்கு. தெற்கே இத்தாலி எடுத்துக்கொண்டது. ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான் என்பான் ஃபாரா.

நான் சொல்வது எண்பத்து மூன்றில் நடந்தது. அதற்குள் மூன்று நாட்டுக்காரர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால் ஜிபூட்டி துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரனிடம் பழகிய மிடுக்கை வாபெரி விடவில்லை. இங்கிலீஷ்காரன் வளர்த்தவனுக்கு டீயைத் தவிர ஒன்றும் தெரியாது, அவனுக்கா என் பெண் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது, உம்மாவின் நாகூர் இங்கிலீஷ்காரனிடம். வாப்பாவின் மாப்பிள்ளை ஊர்வலத்தை வாஞ்சூர் எல்லைச் சாவடியில் அரை நாள் நிறுத்தி, அத்தர் புட்டிகளுக்குத் தீர்வை கேட்டார்களாம். ஃபாராவிடம் சொன்னேன். "உன் அப்பா தீர்வையோடு தப்பித்தார்" என்றான்.

வாபெரிக்காகப் பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டி சுடுவது என் பொறுப்பு. தினமும் போடும் சமூன் ரொட்டி மாவையே நீட்டி உருட்டினேன். ஃபாராவின் தாய்மாமன் யூசுப் தெற்கே மொகதிஷுக்காரர், இத்தாலியப் பழக்கம். விருந்தென்றால் ஸ்பகெட்டிதான் என்று இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். பிறகு எல்லோரும் ஜும்ஆவுக்குக் கிளம்பிவிட்டோம். சமையலறையில் ஞானசிங் அண்ணன் மட்டும். முட்டம் கடற்கரைக் கிறிஸ்தவர், அடுப்பு மெக்கானிக், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சமையற்காரர். கறிக்குழம்பு வைத்து, ஸ்பகெட்டியையும் வேகவைக்கச் சொல்லியிருந்தோம். அதற்கு மேல் விளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது படியிலேயே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை வந்தது. இரண்டு பொட்டலத்தையும் விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, சிவக்க வறுத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கிண்டி வைத்திருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"சேமியா கொஞ்சம் மொத்தமாட்டு இருந்துச்சு மக்கா. ஒடிச்சுப் போட்டேன். இல்லேண்ணா தொண்டையில சிக்கும்லா?"

யூசுப் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். இத்தாலியில் இதற்கு ஜெயில் உண்டு என்றார். ஃபாரா மறுபடி கடைக்கு ஓட வேனின் சாவியை எடுத்தான். அதற்குள் வாபெரி வந்துவிட்டார். அந்த வெயிலிலும் கோட்டு.

முதலில் என் ரொட்டி. பிய்க்கப் பார்த்தார், வரவில்லை. கடித்தார். "ஜிபூட்டியில் இதை வைத்து ஆணி அடிப்போம்" என்றார். ஃபாரா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இனி உப்புமாதான். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கொட்டி, மேலே கறிக்குழம்பை ஊற்றி நடுவில் வைத்தேன். யாரும் கை நீட்டவில்லை. ஞானசிங் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து ஆளுக்கொன்று வைத்தார். அவருக்குப் பழம் இல்லாத உப்புமா உப்புமாவே இல்லை.

வாபெரி பழத்தைப் பார்த்தார். உரித்தார். ஒரு துண்டைக் கிள்ளி, உப்புமாவோடு பிசைந்து வாயில் போட்டார். நிமிர்ந்தபோது, யூசுப்பும் ஃபாராவும் அதே போலக் கிள்ளி, அதே போலப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சோமாலிக்காரர்கள் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சாப்பாட்டோடு வாழைப்பழம் சேர்ப்பார்களாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

வாபெரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கட்டிலில் எறிந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சரியாக உட்கார்ந்தார். இது யார் நாட்டுச் சாப்பாடு என்று ஞானசிங் அண்ணனிடம் இந்தியில் கேட்டார். எங்க வீட்டுது என்றார் அண்ணன்.

வாபெரி சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். வாழைத்தோட்டங்களைப் போட்டது இத்தாலிக்காரன்தான் என்று யூசுப் ஆரம்பித்தார்.

"பேசாமல் சாப்பிடு" என்றார் வாபெரி.

தட்டு வழித்தெடுத்த மாதிரி காலியானது. ஞானசிங் அண்ணன் சட்டியின் அடியைச் சுரண்டிக் கொண்டுவந்தார். அதற்கும் மூன்று கைகள் முட்டிக்கொண்டன. என் ரொட்டியை யாரும் மறுபடி தொடவில்லை.

கை கழுவி வந்த வாபெரி ஃபாரா பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ்காரன் டீயாவது ஒழுங்காகப் போடச் சொல்லிக்கொடுத்தானா? போய்ப் போடு. மருமகன் கையால் குடித்துப் பார்க்கிறேன்."

ஃபாரா எழுந்த வேகத்தில் தண்ணீர்க் குடத்தை உதைத்துக் கவிழ்த்தான். யூசுப் அவனைக் கட்டிப்பிடித்தார், பிறகு என்னை, பிறகு எண்ணெய்க் கையோடு நின்ற ஞானசிங் அண்ணனை. அண்ணனுக்கு நடந்தது இன்னும் புரியவில்லை. சேமியா நல்லா வந்திருக்கு போல என்றார்.

டீ படு மோசம். வாபெரி மூன்று கிளாஸ் குடித்தார்.