பெடலில் வைத்த கால்

வெள்ளவத்தையில் எத்தனை கல்யாண ஹோல் உண்டோ, அத்தனையிலும் தனஞ்சயனின் வலது கால் பேர் போனது. விரல் வித்தை காட்டக் கொழும்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கால் வித்தை இவருக்கு மட்டும்தான். கீபோர்டில் ஒரே கட்டைக்குள் பியானோவையும் வயலின் கூட்டத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வார். பெடலை மிதித்தபடி கையை எடுத்தால் பியானோ மெல்ல அடங்கிவிடும். வயலின்கள் மட்டும் காலை எடுக்கும்வரை நிற்கும். சுரம் மாறும்போது காலைத் தூக்கி மிதிக்கத் தெரியாதவன் வாசித்தால் பழசும் புதுசும் கலந்து கூழாகிவிடும். இவரிடம் ஒருநாளும் கூழானதில்லை.

மனிதருக்கு ஒரு பிடிவாதம். வாசலில் இருந்து நடந்துவரும் மணப்பொம்பிளை மேடைக் கதிரையில் போய் உட்காரும்வரை சத்தம் அறக்கூடாது. சேலை தடுக்கட்டும், கமராக்காரன் மறிக்கட்டும், வயலினைப் பிடித்துக்கொண்டே நிற்பார். அறுந்தால் அபசகுனமாம். இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படி நின்றவர்.

சொந்தப் பிள்ளை மிதுனாவின் கல்யாணமோ மெல்பேர்னில். இரண்டு முறை விசாவுக்குப் போட்டார். இரண்டு முறையும் இல்லையென்று வந்தது. மனைவி கண்ணை மூடி ஆறு வருஷம். "நீங்கள் அங்க இருந்து வாசியுங்கோ அப்பா, நான் அதுக்கு நடந்து வாறன்," என்றாள் மிதுனா. அதையே பெரிய கொடுப்பினையாக எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மத்தியானம் தனி வீட்டில் பட்டு வேட்டி கட்டி, சால்வையும் போட்டுக்கொண்டு கீபோர்டின் முன்னால் இருந்தார். யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே மிதுனாவின் தோழி யதுஷா வீடியோ கோலை எடுத்து, போனை ஸ்பீக்கரோடு பொருத்தி மேசையில் படுக்க வைத்துவிட்டாள். இவருக்குத் தெரிந்தது மண்டபத்துக் கூரை மட்டும். "அவ கதிரையில இருந்ததும் 'போதும் அங்கிள்' எண்டு சொல்லுறன்," என்றிருந்தாள்.

வாசித்தார். கடைசிச் சுரத்தில் கையை எடுத்தார், காலை எடுக்கவில்லை. பியானோ அடங்கியது. வயலின்கள் நின்றன. 'போதும்' என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போனது. கைதட்டல் கேட்டது. பிறகு ஏதோ குத்துப்பாட்டு. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ஐயோ, அப்போதும் அந்த மனிதர் காலை எடுக்கவில்லையே! கோல் அறுந்த பிறகுதான் எடுத்தார்.

சற்று நேரத்தில் யதுஷா வீடியோ ஒன்றை அனுப்பினாள். மிதுனா பாதி வழியில் வருகிறாள். பியானோ அடங்குகிறது. வயலின் இல்லை. மண்டபமே மௌனம். பிள்ளை நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்க்கிறாள்.

பதறிப்போய்க் கொட்டாஞ்சேனைச் சவுண்ட்காரன் றொஹானுக்குப் போன் அடித்தார்.

"அண்ண, போனுக்குக் கதைக்கிற குரல் மட்டும்தான் வேணும்," என்றான் அவன். "ஒரே மாதிரி நீண்டு நிக்கிற சத்தத்த ஃபேன் சத்தமெண்டு வெட்டிப்போடும். அத முதல்லயே ஓஃப் பண்ணோணும். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

கேட்டிருக்கலாம்தான். காலை மட்டுமே நம்பியவருக்குப் போனைப் பற்றி யோசனை ஓடவில்லை.

பொழுதுபட மிதுனா கோல் எடுத்தாள்.

"அப்பா, நீங்கள் அழுதிட்டீங்களெண்டு எனக்கு விளங்கிச்சுது. அதாலதானே பாதியில விட்டனீங்கள்? நானும் நிண்ட இடத்திலயே அழுதிட்டன். மாமி ஆக்களும் அழுதிச்சினம்."

'நான் விடேல்லைப் பிள்ளை, கடைசிவரைக்கும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்' என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் பிள்ளை அதை நினைத்து நினைத்து உருகுவாள். விழுங்கிக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. அழுதிட்டன்," என்றார்.

போனை வைத்தார். கடற்கரைப் பக்கம் கல்கிசை ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகு, பட்டு வேட்டியோடு அந்தக் கதிரையிலேயே இருந்து, சத்தம் போட்டு அழுதார்.