பத்திரிகையில் கடைசிப் பெயர்

சிவப்பிரகாசத்துக்கு உலகத்தில் பரம எதிரி என்றால் அது கண்ட இடத்தில் வைக்கிற 'கோலன்' என்னும் முக்காற்புள்ளிதான். அபிஷேகப்பாக்கம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வகுப்பில் பையன்களிடம் தொண்டை வற்றக் கத்துவார்: "முதல்ல வாக்கியத்த முடிங்கடா! அப்புறந்தான் கோலன், அதுக்கப்புறந்தான் பட்டியல்!" சாயங்காலம் சைக்கிளில் வில்லியனூர் திரும்பினால் கத்த ஆளிருக்காது. சிங்காரவேலு செட்டியார் வீட்டு மாடி அறையில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிப்பார்.

கீழே மளிகைக்கடைக்காரச் செட்டியாரின் குடும்பம், எந்நேரமும் ஜேஜே என்றிருக்கும். பண்டிகைக்குப் பலகாரம் மேலே வரும். 'கீழே வந்து சாப்பிடுங்கள்' என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அது அவருக்கு உள்ளுக்குள் வலிக்கும்.

எழுபத்துநாலு தையில், பாவாடை கட்டி ஓடிய நாளிலிருந்து அவர் கண்முன் வளர்ந்த செட்டியார் மகள் உமையாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செட்டியார் பத்திரிகை புரூஃபோடு மாடியேறினார்.

"இங்கிலீஷ் பக்கத்த கொஞ்சம் பாத்துக் குடுங்க சார். சம்பந்தி வூட்ல எல்லாம் படிச்சவங்க."

தொட்ட இடமெல்லாம் முக்காற்புள்ளி. "'இஸ்'ஸுக்கு அப்புறம் இது எதுக்குய்யா?" என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்தார். அடியில் 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்' என்று ஒரு வரி, அதற்கும் முக்காற்புள்ளி. பிறகு சித்தப்பா, மாமன், மச்சான் தொடங்கித் தொட்டில் குழந்தை வரை வீட்டார் பெயர்கள். வாக்கியம் முடியாத அந்த இடத்திலும் அது தப்புதான். ஆனால் அடிக்க மனம் வரவில்லை. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் பெயர் இருந்தால் வீட்டு மனிதர் என்று அர்த்தம். அவர் தம் பெயரைத் தேடினார். இல்லை.

எங்கிருந்து வந்த துணிச்சலோ, குழந்தையின் பெயருக்கு அடுத்து 'சிவப்பிரகாசம்' என்று எழுதினார். கீழே காட்ட வெட்கப்பட்டுத் தாமே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் செட்டியார் மூச்சிரைக்க மேலே வந்தார். கட்டிக்கொள்வாரோ, கோபிப்பாரோ என்று சிவப்பிரகாசம் எழுந்து நின்றார்.

"இன்னா சார், நீங்க பாத்துமா இப்பிடி? கடைசில சிவப்பிரகாசம்னு ஒரு பேரு வந்துக்குது. வூட்ல அத்தினி பேரையும் கேட்டுட்டேன், யாருக்கும் தெரியல. யாரு சார் அது?"

சிவப்பிரகாசம் பத்திரிகையை வாங்கித் தம் பெயரைப் பார்த்தார்.

"அச்சகத்துல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க," என்றார்.

"அதானே! சரி, மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான்." செட்டியார் உறையின் மேல் பேனாவை வைத்தவர், தயங்கி நிமிர்ந்தார். "உங்க பேரு இன்னா சார்?"

"இங்கிலீஷ் சார்னே எழுதுங்க."