ரேடியேட்டருக்குச் சோறு

இந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குக் கண் எதற்கென்றே தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் வாய்தான் முதலில் வேலை செய்கிறது.

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, தோன் ஹிலாரியோன். இன்ஜினைப் பிரிக்கணும். நாலு நாள் ஆகும்" என்றான் வில்மர்.

எங்கள் மலை ஊரான எல் ஆல்டோவின் மெக்கானிக் தெருவில் நாற்பது பட்டறை. எனக்கு வாய்த்தவன் இவன். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மினுங்கியது, அதன் கழுத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது, முந்தின நாள் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் விடிந்தால் லாரி சங்கத்தில் என் முறை. உருளைக்கிழங்கு ஏற்றப் போய் நிற்காவிட்டால் என் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷ இடம்.

"ஆயில் குச்சியை இழுத்துப் பாத்தியாடா?"

"அது எதுக்கு? கண்ணுக்கே தெரியுதே."

"இழுடா!"

இழுத்தான். ஆயில் தண்ணீர் கலக்காமல் சுத்தமாக இருந்தது, அளவும் குறையவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓட்டச் சொன்னேன். ஒரு குமிழி வரவில்லை.

"கேஸ்கெட் போயிருந்தா தண்ணி கொப்பளிக்காதா? யாரை ஏமாத்தப் பாக்குற?"

அப்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. வெள்ளைப் பிசுக்கைத் தகர ஸ்பூனில் வழித்து, அடுப்பில் உருக்கி, மதில் மேல் வைத்தான். ஜூன் மாதக் குளிர்காற்றில் ஸ்பூன் ஆறியதும் அது மெழுகு மாதிரி உறைந்துவிட்டது.

"இன்ஜின் ஆயில் இப்படி உறையாது." மோந்து பார்த்தான். "பெரியவரே, இது லாமாக் கொழுப்பு!" எங்கள் மலையில் பொதி சுமக்கும் விலங்கின் கொழுப்பு அது.

முக்காலியில் கோகா இலை மென்றுகொண்டிருந்த ஃபோர்துனாத்தா சட்டென்று வானத்தைப் பார்த்தாள். என் லாரிக்கு ஞானத்தாய் அவள்; அந்த முறையில் எனக்குக் கொமாத்ரே.

"நீங்களா கொமாத்ரே?"

"கார்னிவல் செவ்வாய் அன்னிக்கு வண்டிக்குப் பூசை போட்டப்ப எல்லாரும் பீரைத்தான் தெளிச்சீங்க. அதுக்கு ஒரு வாய் சோறு போட்டீங்களா? தண்ணி குடிக்கிற வாய் ரேடியேட்டர்தானேன்னு கொழுப்பை அதுல போட்டேன்."

"எவ்வளவு?"

முஷ்டியைக் காட்டினாள்.

"பூமித்தாய்க்கு நெருப்புல போடுறதை ரேடியேட்டர்லயா போடுவாங்க? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"என் ஞானப் பிள்ளைக்கு நான் ஊட்டினேன். நாலு மாசமா எங்கயாவது கவுந்துதா, சொல்லுங்க!"

வில்மர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ சிரிக்காதே. ஒரு கட்டிக் கொழுப்புக்கு என் இன்ஜினைத் துண்டு துண்டாக்கியிருப்ப."

சோப்புத்தூள் கலந்த வெந்நீரை ஊற்றி, ஓட்டி, மூன்று முறை வடித்தான். மூன்றாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. புதுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓடியும் முள் நடுவிலேயே நின்றது.

"முடிஞ்சுது. நாளைக்குத் தைரியமா லோடு ஏத்துங்க."

"காலையில கேஸ்கெட்டுன்னு சொன்ன அதே வாய்தானே இது?"

ஃபோர்துனாத்தா நிம்மதியாக ஒரு பீரை உடைத்துச் சக்கரத்தில் தெளித்தாள். மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. ரேடியேட்டர் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியையும் மதில் மேலிருந்த ஸ்பூனையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். விடிகாலையில் வண்டியைக் கிளப்புமுன் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு ஸ்பூன் எடுத்து, கொழுப்பு உறைகிறதா என்று காற்றில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"பெரியவரே, என் ஸ்பூன்!" என்று வில்மர் கத்தினான்.

நான் திரும்பவில்லை.