பெயிண்ட் அடிக்காதீர்கள்

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து தொடங்கியது. டீ கிளாசின் வாயளவு ஓட்டை. புகைப்படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரியும்.

முதலில் இதை ஊரிலிருக்கும் என் அக்கா மாரிசெல்விக்காகத்தான் போனில் பேசிப் பேசி எழுத்தாக்கினேன். அவளுடைய தையல் கம்பெனி இரைச்சலில் வாய்ஸ் கேட்காது, படிக்கத்தான் முடியும். நீங்கள் பிறகு வந்து சேர்ந்தீர்கள். [பயப்படாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை.]

2

முதல் தொடக்கம்: 'தாராவியில் பெல்ட் பேக்கிங் செய்யும் தளவாய்க்கு ரயில் என்றால் உயிர்.'

வேண்டாம். எல்லா ரயிலும் இல்லை. செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமாக இரண்டு கிலோமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. அதில் வேகன் இழுக்க ஒரே ஒரு கிழட்டு டீசல் என்ஜின். மஞ்சள் உதிர்ந்து, துரு வழிந்து, அழுது முடித்த முகம் மாதிரி நிற்கும். அதைப் படமெடுக்கத்தான் தளவாய் ஞாயிறுதோறும் போவான்.

உள்ளே விடுவது இசக்கிதுரை. கொடி காட்டி வேகன் மாட்டும் காண்ட்ராக்ட் ஆள். அவரும் தாராவிதான்.

"சீக்கிரம் எடுல. செக்யூரிட்டி பாத்தான்னா ஒங் கைப்போன் போவும், எனக்குப் பாக்குற நௌக்ரி போவும்."

"அண்ணாச்சி, அந்தப் படியில ஏறி நில்லுங்க. படத்துல துரு நல்லா விழுது."

"அப்ப எம்மூஞ்சி விழலியால?"

3

மார்ச் மாதம் அந்த என்ஜினுக்குப் புது பெயிண்ட் அடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. ரயில் ரசிகர்கள் குரூப்பே பதறியது. தளவாய்தான் முதல் கடிதம் எழுதினான்: 'பெயிண்ட் அடிக்காதீர்கள். அதன் வயதுதான் அதன் அழகு.' முந்நூறு பேர் அதையே நகலெடுத்து அனுப்பினார்கள். தொழிற்சாலை அதிகாரி நன்றி சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். குரூப்பில் இரண்டு நாள் கொண்டாட்டம்.

[பெயிண்டுக்கு முன்னால் துருவைச் சுரண்டுவார்கள், இற்ற தகட்டை வெட்டிப் புதிது வைப்பார்கள். இது அந்த முந்நூறு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.]

4

நேற்று எடுத்த படம். படியில் இசக்கிதுரையின் பூட்ஸ். குதிகாலுக்குப் பக்கத்தில் ஓட்டை. அதன் வழியே கீழே கிடக்கும் ஜல்லி தெரிகிறது. என்ஜின் ஓடும்போது அவர் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டு போவது அந்தப் படியில்தான். சக்கரம் ஒரு சாண் தள்ளி.

படி இற்றுவிட்டது என்று மட்டும், படம் இணைக்காமல், தளவாய் அதிகாரிக்கு எழுதினான். பதில் உடனே வந்தது: 'துருதானே உங்களுக்குப் பிடிக்கும்?' கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

இசக்கிதுரைக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, படி இத்துப்போச்சு. இனி அதுல நிக்காதிய."

"அரே, நிக்காம பறக்கவா செய்ய?"

"போட்டோவ ஆபீசுக்கு அனுப்பட்டா? பாத்தா நம்புவாங்க."



"அது உள்ள நின்னு எடுத்ததுல. எவன் விட்டான்னு மொதல்ல கேப்பான். வீட்ல நாலு வயிறு இருக்குடே."

5

முடிவு ஒன்று: படம் போகிறது. படியை மாற்றுகிறார்கள். ஆளையும் மாற்றுகிறார்கள்.

முடிவு இரண்டு: படம் போகவில்லை. திங்கட்கிழமை காலை என்ஜின் நகரும்போது இசக்கிதுரையின் வலது கால்

என்னால் முடியவில்லை.

இதுவரை படித்துவிட்டு அக்கா கம்பெனிக்கு வெளியே வந்து கூப்பிட்டாள்.

"ஏல, தளவாய் தளவாய்னு யார ஏமாத்துத? நீ எனக்கு அனுப்பிக் காட்டுன அந்தக் கடுதாசிக்குக் கீழ ஹரிகிருஷ்ணன்னுதானல இருக்கு?"

6

ஆமாம், என் பெயர்தான். தளவாய் என்று ஒருவன் இல்லை. பயந்த ஆளுக்கு இன்னொரு பெயர் வைத்தால் பயம் பாதியாகும் என்று நினைத்தேன். குறையவில்லை.

இன்று திங்கள். மணி ஏழு நாற்பது. எட்டுக்கு அவர் படியில் ஏறுவார்.

போனை உங்களிடம் நீட்டுகிறேன், பிடியுங்கள். படத்தைப் பெரிதாக்குங்கள். முதலில் துரு தெரியும், அழகாகத்தான் இருக்கும். கொஞ்சம் கீழே வாருங்கள். பூட்ஸ். பக்கத்தில் ஓட்டை. அதற்கும் கீழே, உங்கள் கட்டைவிரலுக்கு நேராக இருப்பது அனுப்பும் பொத்தான்.