வெசெலின்கா வீட்டுக் கூரைத் தண்ணீர்

ஸ்லதினோவோவில் மாவுமில் தெருவில் இருக்கும் வெசெலின்காவின் கூரையில் பெய்த மழை ஒன்பது ஆண்டுகள் தரையைத் தொடவில்லை. ஓடுகளில் வழிந்து, கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்பும் துருப்பிடித்த தகரப் பீலிவரை வரும், அங்கேயே நின்றுகொள்ளும். தடுக்க ஒன்றும் இல்லாமலே வருடத்துக்கு வருடம் உயர்ந்து, நான்காம் ஆண்டில் புகைபோக்கியைத் தாண்டிவிட்டது. பழைய பீலி ஒழுகுகிறது, புதுசு போடட்டும் என்று தண்ணீர் காத்திருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நகராட்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. அனுமதி இல்லாமல் கூரைமேல் நீச்சல் குளம் கட்டியதாக இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியது. மூன்றாம் முறை அதிகாரி நேரில் வந்து, ஏணி இல்லாததால் குளமும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இது வெசெலின்காவின் கணவர் திஹோமிர் இறந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கியது. அவர் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தப் பீலியை ஒரு கோடை விடுமுறையில் அவரே செய்து மாட்டியிருந்தார். அதை மாற்றுவதற்கு மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். அதை நம்பியதுதான் வெசெலின்கா செய்த தப்பு.

எங்கள் நாட்டில் எந்த மேஸ்திரியும் ஒரு கேள்வி கேட்காமல் வேலையைத் தொட மாட்டான். நிமிர்ந்து பார்ப்பான், நெற்றியில் கை வைப்பான், பெருமூச்சு விடுவான், பிறகு கேட்பான்: "யாரும்மா இதைச் செஞ்சு குடுத்தது உங்களுக்கு?" பதில் யாருக்கும் வேண்டாம். அதைக் கேட்காவிட்டால் அவன் கையில் சுத்தியல் நிற்காது, அவ்வளவுதான். பல் மருத்துவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

முதலில் வந்த ராதென்கோ இரண்டு காபியும் மூன்று கிளாஸ் பிளம் சாராயமும் குடித்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் கூரையை அளந்து, சிகரெட் பாக்கெட்டில் தொண்ணூறாயிரம் தினார் என்று எழுதினான். கேள்வியையும் கேட்டான். வெசெலின்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அன்று மாலை பெய்த மழைதான் முதன்முதலில் விளிம்பில் நின்றது. அடுத்து வந்த மியோத்ராக் ஜெர்மனியில் இருபது வருடம் இருந்தவன். பதினோரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தான். கடைசி வரியில் இருந்த "எதிர்பாராத வேலைகள்" மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்ததைவிட அதிகம். அவனும் கேட்டான், கொஞ்சம் மரியாதையாக. தண்ணீர் ஒரு சாண் ஏறியது. மூன்றாவது ஆள் ஸ்வெதிஸ்லாவ் விலையே சொல்லவில்லை. "அதெல்லாம் சுலபமா பேசிக்கலாம்மா, நாம என்ன அந்நியமா?" என்றான். இதைவிடப் பயங்கரமான வாக்கியம் எங்கள் பக்கத்தில் கிடையாது. இதைக் கேட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தை விற்றவர்கள் உண்டு. போகிற போக்கில், "இதைச் செஞ்ச புண்ணியவான் குடிச்சிட்டா செஞ்சான்?" என்று சிரித்தான். அன்று ஒரே மழையில் தண்ணீர் ஒரு முழம் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வெசெலின்கா சமையலறை மேஜையில் எஸ்டிமேட்டுகளைப் பரப்பி வைத்து ஒப்பிட்டாள். ஒன்றில் கொக்கிகள் இல்லை, ஒன்றில் இறங்கு குழாய் இல்லை, ஒன்று காகிதத்திலேயே இல்லை. சிகரெட் பாக்கெட்டில் இருந்த தொண்ணூறாயிரம், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மாவு விலையோடு சேர்ந்து தானாகவே ஏறியது. ஏழாம் ஆண்டில் இடம் போதாமல் பாக்கெட்டின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

எதிர்வீட்டு பூதிமிர் தன் கோழிகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் நடமாடினான். அத்தனை தண்ணீரும் ஒன்றாக இறங்கினால் அந்த வீட்டோடு கீழ்த்தெருவின் ஆறு வீடுகளும் ஆற்றுக்குப் போகும்.

"ஏன் வெசெலின்கா, நீ பீலி பாக்குறியா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறியா? எவனையாவது ஒருத்தனைப் பிடிச்சு மாட்டச் சொல்லேன்!"

"வர்றவனெல்லாம் எங்க வீட்டுக்காரரைத் திட்டுறான் பூதிமிர். திட்டினவன் கையால அவர் மாட்டினதை எப்படிக் கழட்டச் சொல்றது?"

"திட்டாத மேஸ்திரி இன்னும் பொறக்கலை. நாமல்லாம் செத்தப்புறம் பொறப்பான்."

ஒன்பதாம் ஆண்டு அக்டோபரில் உத்தரம் ஒன்று விரிசல் விட்டது. சத்தம் தேவாலயம்வரை கேட்டது. வெசெலின்கா பயந்துபோனாள். மறுநாளே ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தகர வேலை செய்யும் ரொசாந்தாவை வரவழைத்தாள். ரொசாந்தா ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள், சாராயம் வேண்டாம் என்றாள். தெருவில் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. தலைக்குமேல் நின்ற தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் ஏறிப் பீலியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். ஆனால் தொழில் தொழில்தானே.

"அக்கா... யாருக்கா இதைச் செஞ்சு குடுத்தது உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர்தான்டி!" என்று கத்தினாள் வெசெலின்கா. "செருப்பு தைக்கிற மனுஷன். செருப்பாணி வெச்சு அடிச்சாரு. சரிவைக் குழாய்ப் பக்கம் வெக்காம வாசப்பக்கம் வெச்சாரு. முத மழையிலேயே என் தலையில ஊத்துச்சு. இருபத்தாறு வருஷம் வாசல்ல நனைஞ்சுக்கிட்டே, பிரமாதமா இருக்குங்கன்னு சொன்னேன். மட்டமான வேலை! இதைவிட மட்டமா எவனாலும் செய்ய முடியாது!" சொல்லிவிட்டு அழுதாள். கணவரின் அடக்கத்தின்போதுகூட அவள் அப்படி அழுததில்லை.

ரொசாந்தா பீலியின் ஓரத்தை விரலால் தடவினாள். "ஆணிங்க மட்டும் ஒரே இடைவெளியில இருக்குக்கா. ஒண்ணுகூட விலகலை" என்றாள்.

அப்போது தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மொத்தமாக அல்ல. தபால் நிலையத்தில் பென்ஷனுக்கு நிற்பவர்களைப்போல வரிசையாக, பழைய மழை முதலில், புது மழை பிறகு. மூன்று நாள் இறங்கியது, பழைய பீலி வழியாகவே, பழைய ஓட்டைகளில் ஒழுகிக்கொண்டே. இரண்டாம் நாள் தன் வைக்கோலைக் கெடுத்த மழை போவதை பூதிமிர் அடையாளம் கண்டு அதைத் திட்டினான். அந்த மூன்று நாளும் வெசெலின்கா குடையில்லாமல் வாசலில் நின்றாள்.

அடுத்த வாரம் ரொசாந்தா புதுத் துத்தநாகப் பீலியை மாட்டினாள். வாயால் சொன்ன தொகையையே கடைசியில் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கூரைமேல் நின்றதை நம்பியவர்கள்கூட இதை இன்றுவரை நம்பவில்லை. பீலியில் ஓட்டை இல்லை, சரிவும் சரி. ஆனாலும் மழை நாளிலும் வெயில் நாளிலும் வாசலில் ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ரொசாந்தா இரண்டு முறை வந்து பார்த்தாள். எதுவும் அகப்படாமல், உத்தரவாதச் சீட்டில் "வாசல் சொட்டு நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வசந்தத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒருவன் வந்தான். நிமிர்ந்து பளபளக்கும் பீலியைப் பார்த்தான், நெற்றியில் கை வைத்தான், பெருமூச்சு விட்டான்.

"யாரும்மா இதைச் செஞ்சு குடுத்தது உங்களுக்கு?"

வெசெலின்கா ஓர் அடி தள்ளி, சொட்டு சரியாக உச்சந்தலையில் விழும்படி நின்றுகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள்.