பேசாதவர்களின் வாடகை

கள்ளக்குறிச்சியில் இப்போதெல்லாம் வாடகையை வீட்டுக்காரர் சொல்வதில்லை, அவருடைய செல்போன் சொல்கிறது. தெருவில் எல்லார் வாடகையையும் தெரிந்துகொண்டு, 'இவ்வளவு கேள்' என்று சொல்லித்தர ஒரு ஆப் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் செல்லமுத்து ஆறாயிரத்தை ஒன்பதாயிரமாக்கிவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் இன்னா தம்பி பண்றது? ஆப் சொல்லுது."

என் மனைவி இசைவாணிக்கு ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் எங்கள் ஊரான வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தோம். ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் ஒன்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டு எதைத் தின்பது?

அடுத்த வீட்டு மாடி காலியாக இருந்தது. அது செல்லமுத்துவின் தம்பி கலையரசனுடையது. சுவர்த் தகராறில் அண்ணன் தம்பிக்குள் ஏழு வருடமாகப் பேச்சில்லை. போய்க் கேட்டேன். அவரும் போனைத் தடவிவிட்டு அதே ஒன்பதாயிரத்தைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா?"

"அந்த ஆளு மூஞ்சியில எவன் முழிப்பான்?" என்று சீறினார்.

வீட்டுக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்றுகிறார்கள் என்று தாலுகா ஆபீசில் புகார் கொடுக்கப் போனேன். "அவுங்க ஒண்ணா ஒக்காந்து பேசினாங்களா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். "பேசாம எப்படிங்க கூட்டு சேர முடியும்?" என்று அனுப்பிவிட்டார்.

வந்த ஆத்திரத்தில் ஒரு புளுகைக் கொளுத்திப் போட்டேன். "ஒங்க தம்பி ஏழாயிரத்துக்குத் தர்றாராம்ணே."

"அவனுக்கு அவ்ளோ திமிரா? நான் ஆறுக்கே தரேன்!" என்றார் செல்லமுத்து. அதைத் தம்பி காதில் போட்டேன். அவர் ஐந்துக்கு இறங்கினார். இரண்டு போன்களும் வேண்டாம் வேண்டாம் என்று கூவின, யார் கேட்டார்கள்? அப்பாடா, பகை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! தூளி எங்கே கட்டலாம் என்று இசைவாணி கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஐந்து என்றதும் செல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சுவரேறிக் குதித்துத் தம்பியின் சட்டையைப் பிடித்தார். பிடித்தபிறகு பேசித்தானே ஆகவேண்டும்? பேசியதில் என் புளுகு அம்பலமானது. ஏழு வருடக் கோபம் அழுகையில் முடிந்து, கட்டிப்பிடித்து, தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் இருவரும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள்.

"ஒன்னாலதான் தம்பி சேந்தோம். நீ நல்லா இருக்கணும்," என்று செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வூட்ட மட்டும் நாளைக்குக் காலி பண்ணிடு."

"புள்ளத்தாச்சிங்கண்ணே..."

"கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா இப்ப பத்தாயிரம்னு காட்டுதே," என்று கலையரசன் போனை நீட்டினார்.

கேசரியைக் கீழே வைத்தேன். வெட்கத்தை விட்டு அழுதேன். இசைவாணி அழவில்லை, துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வெள்ளிமலைக்கு பஸ் எத்தினி மணிக்குங்க? நடுவுல வலி வந்தா நிறுத்துவாங்களா?"